நெய்வேலிப் பகுதிக்கு ஏற்ற செவ்விலை மரம்: நாட்டு வாதுமை வளர்ப்பு

குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் வந்ததும் மேப்பிள் மரங்கள் தீப்பிடித்தாற்போல் சிவந்து நிற்கும். காஷ்மீரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சினார் மரம் இதே காட்சியைத் தருகிறது. இந்தப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு நம் ஊரிலும் அப்படி ஒரு மரம் வைக்கலாமே என்ற ஆசை எழுவது இயற்கை. வீட்டு மனைகள், பள்ளிகள், திருமண மண்டபங்கள், விடுதிகள் ஆகியவற்றில் அழகு மரம் வைப்பது பெருகி வருவதால், நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் சிறு விவசாயிகளும் 'சிவப்பு இலை மரம் கிடைக்குமா?' என்ற கேள்வியை அடிக்கடி கேட்க நேருகிறது.

இந்தக் கேள்விக்கு விடை நெய்வேலிப் பகுதியிலேயே நிற்கிறது. அதுதான் நாட்டு வாதுமை. மக்கள் பேச்சில் வாதாங்கொட்டை மரம், பாதாங்காய் மரம் என்றெல்லாம் வழங்குவதும் இதுவே. தாவர இயலில் இதன் பெயர் டெர்மினேலியா கட்டப்பா. தமிழ்நாட்டுச் சமவெளியில், குளிரை நம்பாமல், உதிரும் முன் இலை முழுவதும் சிவக்கும் மரங்களில் இதுவே முதன்மையானது. இதன் கன்றை உற்பத்தி செய்யப் பெரிய முதலீடு தேவையில்லை. ஆனால் தாய் மரத் தேர்வு, வெயில், நீர், உரம் ஆகிய நான்கிலும் சரியான முறையைக் கையாண்டால்தான் நல்ல நிறம் கிடைக்கும்.

மேப்பிள் விதை வாங்கலாமா?

அஞ்சலில் வரும் வண்ணப் பொட்டலங்களில் மேப்பிள் விதை விற்கப்படுகிறது. இதை வாங்கும் முன் இரண்டு செய்திகளை அறிந்துகொள்வது நலம்.

முதலாவது, பல மேப்பிள் வகைகளின் விதை முளைக்க வேண்டுமானால் அது இரண்டு மூன்று மாதங்கள் ஈரத்துடன் கடுங்குளிரில் கிடக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முளைக்க வைத்துவிட்டாலும் தொல்லை தீராது. குளிர்காலத்தில் உறங்கி, வசந்தத்தில் விழிக்கும் பழக்கமுள்ள மரம் அது. உறக்கம் கலையவும் அதற்குக் குளிர் தேவை. நெய்வேலிப் பகுதியில் தை மாத இரவிலும் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்கும். சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். இந்த வெயிலில் மேப்பிள் இலையின் ஓரம் கருகும். கன்று தேறுவதே அரிது, நிறம் வருவது அதனினும் அரிது.

இரண்டாவது, நீல நிற மேப்பிள், வானவில் மேப்பிள் என்று படம் போட்டு விற்கப்படுபவை வெறும் ஏமாற்று. அப்படி நீல இலை உடைய மேப்பிள் மரமே உலகில் கிடையாது. இதில் போடும் பணம் கல்லில் இறைத்த நீர்தான்.

இலை சிவப்பது எதனால்?

பச்சை இலையில் பச்சையம் மிகுந்திருப்பதால் பிற நிறங்கள் தெரிவதில்லை. இலைக்கு வயதாகி, மரம் அதை உதிர்க்க முற்படும்போது பச்சையம் சிதைகிறது. இலையிலுள்ள தழைச்சத்து முதலிய சத்துகளில் ஒரு பகுதியை மரம் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை மறைந்ததும் முன்பே உள்ளே இருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. அதே சமயம் சில மரங்களில் ஆந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் புதிதாக உண்டாகிறது. இலையில் தேங்கும் சர்க்கரையும் நல்ல சூரிய ஒளியும் சேர்ந்தால் இது மிகுதியாக உண்டாகும். பிறகு காம்பின் அடியில் உதிர்வுப் படலம் ஒன்று ஏற்பட்டு இலை கழன்று விழுகிறது.

குளிர் நாடுகளில் இந்த மாற்றத்தைத் தொடங்கிவைப்பவை குறுகும் பகலும் இரவுக் குளிருமே. நம் நாட்டுச் சமவெளியிலோ பெரும்பாலும் வறட்சியே அந்த வேலையைச் செய்கிறது. கடலூர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. இதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. தை பிறந்ததும் மழை நின்று, வானம் தெளிந்து, வெயில் ஏறி, மேல்மண் காயத் தொடங்குகிறது. வாதுமை மரம் சிவப்பதும் இந்தத் தை, மாசி மாதங்களில்தான். நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களில் முன்பனியின் கடைசியும் பின்பனியின் தொடக்கமும் இதன் காலம். பல மரங்கள் ஆடி, ஆவணியில் இரண்டாம் முறையும் ஓரளவு இலை உதிர்க்கும்.

உதிரும் இலையின் நிறத்தையும் தளிரின் நிறத்தையும் விவசாயிகள் குழப்பிக்கொள்ளலாகாது. மா, அரசு, இலுப்பை ஆகியவற்றில் தோன்றும் செம்பு நிறம் தளிரின் நிறம். அது முதிர்ந்தால் பச்சையாகிவிடும். வாதுமையில் காண்பது முதிர்ந்த இலையின் நிறம். கன்று வாங்க வருபவர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு கொடுப்பதே நல்ல வியாபாரம்.

மரத்தின் இயல்பு

நாட்டு வாதுமை, மருது, கடுக்காய், தான்றி ஆகியவற்றின் நெருங்கிய உறவு. கடற்கரைகளுக்கு உரிய மரம். 15 முதல் 25 மீட்டர் வரை உயரும். நடுத்தண்டு நேராக மேலே செல்ல, கிளைகள் சக்கரத்தின் ஆரக்கால்போல் சுற்றிலும் படுக்கைவாட்டில் நீளும். சிறிது இடைவெளி விட்டு அடுத்த அடுக்கு தோன்றும். இதனால் இளமரம் அடுக்குக் குடைபோல் காட்சி தரும். இலை ஒரு சாண் நீளமும் அதற்கு மேலும் வளரும். இலை பெரியது என்பதால் நிறமும் தொலைவிலிருந்தே தெரியும்.

காய் இரு பக்கமும் விளிம்பு கட்டி, படகுபோல் இருக்கும். மேலே சிறிது சதை, அதற்குள் நார் கலந்த தக்கை ஓடு, அதனுள் மெல்லிய பருப்பு. தக்கை ஓட்டின் உதவியால் காய் கடல் நீரில் மிதந்து கரைக்குக் கரை பரவுகிறது. வௌவாலும் பழத்தைத் தூக்கிச் சென்று பரப்பும். பருப்பை உண்ணலாம். அதன் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய். ஆனால் பருப்பு சிறியது, ஓடு கடினமானது. கடையில் விற்கும் பாதாம் பருப்பு வேறு மரத்தின் விளைச்சல். எனவே பருப்பு வருமானத்தை நம்பி இம்மரத்தைப் பயிரிட வேண்டாம்.

நெய்வேலி மண்ணுக்கு ஏற்றதா?

1934ஆம் ஆண்டு இப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் தெரிந்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 2016 முதல் அது என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்குகிறது. வட்டம் வட்டமாகப் பிரித்து அமைத்த நகரியமும், அதன் நிழற்சாலைகளும் இப்பகுதியில் மரம் வளர்க்கும் பழக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. நகரியத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலோ முந்திரியும் பலாவும் சிறு விவசாயிகளின் கைச்செலவுக்கு உதவும் மரங்களாக இருந்து வருகின்றன.

இங்குள்ள செம்மண்ணும் மணற்பாங்கான செம்பொறை மண்ணும் நீரைத் தேக்குவதில்லை. வாதுமைக்கு வேண்டியதும் இத்தகைய வடிகால் உள்ள மண்தான். ஓரளவு அமிலத் தன்மையையும் உவர்ப்பையும் உப்புக் காற்றையும் தாங்கும். ஆண்டு முழுதும் நீர் தேங்கும் பள்ளத்திலும், ஓர் அடிக்குக் கீழே பாறை உள்ள இடத்திலும் வைக்கக் கூடாது.

சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மேட்டு மண்ணின் கதை வேறு. அதில் மக்கும் பொருளும் சத்தும் மிகக் குறைவு. மழைக்குப் பின் இறுகிவிடும். அத்தகைய மண்ணை விளைநிலமாக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நெய்வேலி நிறுவனமும் இணைந்து ஆய்வுகள் நடத்தியுள்ளன. மேட்டு மண் கலந்த நிலத்தில் எந்த மரம் வைத்தாலும் குழியைப் பெரிதாக எடுத்து, தொழு உரத்தை இரு மடங்கு இட்டு, முதலில் தக்கைப்பூண்டு, கொளுஞ்சி போன்ற பசுந்தாள் பயிரை விதைத்து மடக்கி உழுதபின் நடுவதே முறை.

புயல் பாடம்

2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தபோது, இம்மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் பெருமளவில் சாய்ந்தன. பல குடும்பங்களின் பல ஆண்டு வருமானம் ஒரே இரவில் தரையில் கிடந்தது. இப்பகுதியில் மரம் வைப்பவர் எவரும் இதை மறக்கலாகாது.

வாதுமை கடற்காற்றுக்குப் பழகிய மரம். ஆயினும் புயலுக்குச் சாயாத மரம் என்று எதையும் உறுதி கூற முடியாது. விவசாயி தன் கையால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பையில் நெடுநாள் கிடந்து, வேர் அடியில் சுருண்டுபோன கன்றை நடவே கூடாது. சுருண்ட வேர் நிலத்தில் நட்ட பின்னும் சுருண்டே பருக்கும். மேலே மரம் செழித்தாலும் கீழே பிடிப்பு இராது. இத்தகைய மரங்கள் பலத்த காற்றில் எளிதில் சாயும். ஆகவே கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்ப்பதைவிட வேரைப் பார்ப்பது முக்கியம்.

தாய் மரத் தேர்வு

எல்லா வாதுமை மரமும் ஒரே அளவில் சிவப்பதில்லை. ஒரே தெருவில் ஒரு மரம் இரத்தச் சிவப்பாகவும், அடுத்தது செம்மஞ்சளாகவும், மூன்றாவது பழுப்பாகவும் இருப்பதைப் பார்க்கலாம். மண்ணும் நீரும் வெயிலும் இதற்கு ஒரு காரணம். மரத்தின் பிறவிக் குணம் மற்றொரு காரணம். எனவே விதை எடுக்கும் நாளில் மரத்தைத் தேடினால் போதாது. இலை சிவக்கும் தை, மாசியிலேயே தாய் மரத்தைத் தேர்ந்து குறித்து வைக்க வேண்டும்.

தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஒரே சமயத்தில் பெரும்பாலான இலைகள் சிவக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவக்கும் மரம் வேண்டாம்.

2. வெயில் படும் பக்கம் மட்டுமன்றி உட்பக்கமும் நிறம் இறங்கியிருக்க வேண்டும்.

3. நடுத்தண்டு நேராகவும், அடுக்குகள் ஒழுங்காகவும், கிளைகள் முறியாமலும் இருக்க வேண்டும்.

4. மரம் 10 ஆண்டுக்கு மேற்பட்டதாகவும் நோயற்றதாகவும் இருத்தல் நலம்.

5. முடிந்தால் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, இரண்டு ஆண்டும் நன்கு சிவந்த மரத்தையே வைத்துக்கொள்ள வேண்டும்.

விதைக் கன்றுகள் எல்லாமே தாயைப்போல் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆயினும் நல்ல தாயிலிருந்து எடுத்தால் நல்ல நிறம் கிடைக்கும் வாய்ப்பு மிகும். இதை வாங்குபவரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுவது நாற்றுப்பண்ணையின் நல்ல பெயருக்குப் பாதுகாப்பு.

விதையும் நாற்றங்காலும்

பழம் முற்றி, நிறம் மாறி, தானே உதிர்ந்ததும் பொறுக்க வேண்டும். காய்க்கும் மாதம் மரத்துக்கு மரம் சற்று மாறும். பொறுக்கிய பழங்களை இரண்டு மூன்று நாள் நிழலில் குவித்து வைத்து, சதையைத் தேய்த்துக் கழுவி, ஓட்டுடன் நிழலில் உலர்த்த வேண்டும். ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து விதைக்கத் தேவையில்லை.

பிற விதைகளைச் சோதிப்பதுபோல் இதைத் தண்ணீரில் போட்டு, மிதப்பது பதர், மூழ்குவது விதை என்று பிரிக்கக் கூடாது. தக்கை ஓடு காரணமாக நல்ல விதையும் மிதக்கும். அதற்குப் பதில் குவியலிலிருந்து 10 கொட்டைகளை எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டும். பருப்பு வெண்மையாகவும் பருமனாகவும் எட்டுக்கு மேல் இருந்தால் அந்தக் குவியலை விதைக்கலாம். பாதிக்கு மேல் சுருங்கியோ கறுத்தோ இருந்தால் அதை விட்டுவிட்டு வேறு விதை தேடுவது நலம். விதையைச் சேமித்து வைப்பதைவிட உடனே விதைப்பதே சிறந்தது.

விதைக்கும் முன் ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பிறகு 3 அடி அகல மேட்டுப்பாத்தியில் மணல் பரப்பி, விதையைப் படுக்கைவாட்டில் வைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு மணலால் மூட வேண்டும். மேலே வைக்கோல் பரப்பி, காலை மாலை பூவாளியால் நீர் தெளித்து வரவேண்டும். மூன்று முதல் ஆறு வாரங்களில் முளைக்கும். எல்லா விதையும் ஒரே நாளில் முளைக்காது என்பதால் பொறுமை வேண்டும். முளை கண்டதும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும்.

இரண்டு இலை விரிந்த கன்றை, வேர் அறாமல் எடுத்துப் பைக்கு மாற்ற வேண்டும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்த கலவை போதும். இலையும் வேரும் பெரியவை என்பதால் சிறிய பை உதவாது. 20 சென்டி மீட்டர் அகலமும் 30 சென்டி மீட்டர் உயரமும் உள்ள பையில் அடியிலும் பக்கத்திலும் துளையிட்டுப் பயன்படுத்த வேண்டும். முதல் இரண்டு வாரம் தென்னங்கீற்று நிழல் போதுமானது. அதன்பின் படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். மாதம் ஒரு முறை பைகளை இடம் மாற்றி வைத்தால் வேர் தரையில் இறங்காது. கன்று ஒன்றரை முதல் இரண்டு அடி உயரம் வந்ததும் நடவுக்குத் தயார். ஓராண்டுக்கு மேல் அதே பையில் வைத்திருக்கலாகாது.

நடவு

ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டால் கன்று வேர் பிடிக்க இரண்டு மாதம் இயற்கை ஈரம் கிடைக்கும். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து, பதினைந்து நாள் ஆறப்போட வேண்டும். மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழு உரமும் கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து குழியை நிரப்ப வேண்டும். வேப்பம்பிண்ணாக்கு கரையானை ஓரளவு கட்டுப்படுத்தும். பையைக் கத்தியால் கீறி, முழுவதும் நீக்கிவிட்டு நட வேண்டும். அடியில் சுருண்ட சிறு வேர் இருந்தால் கத்தரித்துவிட வேண்டும். காற்றுக்கு ஆடாமல் கழி ஊன்றிக் கட்டி, ஆடு மாடு கடிக்காமல் முள் வேலி இட வேண்டும்.

இடத் தேர்வில் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும். மரத்துக்கு மரம் 8 மீட்டர் இடைவெளி தேவை. வீட்டுச் சுவர், கூரை, கிணற்று மேடை ஆகியவற்றிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். மின்கம்பிக்கு அடியில் வைக்கவே கூடாது. பெரிய இலைகள் உதிர்ந்து வாய்க்காலையும் ஓட்டுக் கூரையின் தூம்பையும் அடைக்கும். இதன் நிழல் அடர்த்தியானது. எனவே விளைநிலத்தின் நடுவிலோ, நெல், நிலக்கடலை பயிராகும் வரப்பிலோ வைப்பது கூடாது. களத்து மேடு, தரிசு மூலை, வீட்டுக் கொல்லை, வண்டிப் பாதையின் ஓரம் ஆகியவையே தக்க இடங்கள். ஏக்கர் கணக்கில் பயிரிடும் மரம் அல்ல. ஒரு குடும்பத்துக்கு நாலைந்து மரம் போதும்.

நல்ல நிறம் வரச் செய்யவேண்டியவை

முதல் இரண்டு கோடையில் வாரம் இரு முறை நீர் ஊற்ற வேண்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து நிறத்துக்கான பராமரிப்பு தொடங்குகிறது.

வெயில்: நாள் முழுதும் நேர் வெயில் படும் மரமே நன்கு சிவக்கும். கட்டடத்தின் நிழலிலோ பெரிய மரத்தின் கீழோ நிற்கும் மரம் மஞ்சளோடு நின்றுவிடும்.

நீர்: வேர் பிடித்த மரத்துக்கு மார்கழிக்குப் பின் நீர் பாய்ச்சுவதை நிறுத்த வேண்டும். குளியல் நீரும் சாக்கடை நீரும் ஓயாமல் பாயும் இடத்தில் மரம் செழிக்கும், நிறம் மங்கும். புதுத்தளிர் விட்டபின், வறட்சி கடுமையானால் நீர் கொடுக்கலாம்.

உரம்: தொழு உரத்தை ஆடி அல்லது ஆவணியில் இட்டு முடித்துவிட வேண்டும். ஐப்பசிக்குப் பின் யூரியா போன்ற தழைச்சத்து உரம் இட்டால் இலை கரும்பச்சையாகவே நீடித்து, சிவப்பதும் உதிர்வதும் தள்ளிப்போகும்.

கவாத்து: மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து, தளிர் விடும் முன், காய்ந்த கிளையையும் கீழடுக்கையும் நீக்கலாம். ஆவணிக்குப் பின் கவாத்துச் செய்தால் புதுத்துளிர் விட்டு அந்த ஆண்டு நிறம் கெடும். நடுத்தண்டின் நுனியை எக்காரணத்தாலும் வெட்டலாகாது. வெட்டினால் அடுக்குக் குடை அமைப்பே போய்விடும்.

பூச்சி: இலை தின்னும் புழுக்கள் சில ஆண்டுகளில் தாக்கும். கன்றாக இருக்கும்போது கையால் பொறுக்கி அழிக்கலாம். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் தெளிக்கலாம். பெரிய மரத்துக்கு மருந்து தெளிக்கத் தேவையில்லை.

வருமானத்துக்கு வழி

முதலாவது, கன்று விற்பனை. 200 பை கொண்ட சிறு நாற்றங்காலுக்கு அரை சென்ட் இடம் போதும். ஆனால் முதல் ஆண்டிலேயே 200 பை போட வேண்டாம். 50 விதை போட்டு, எத்தனை முளைக்கிறது, எத்தனை தேறுகிறது என்று கணக்கு எழுத வேண்டும். அந்தக் கணக்கை வைத்து அடுத்த ஆண்டு விதை அளவைத் தீர்மானிக்கலாம். பள்ளி, ஊராட்சி, மனை விற்பனையாளர், நகரியத்தில் குடியிருப்போர் ஆகியோரிடம் முன்கூட்டியே கேட்டு, தேவை உறுதியான அளவுக்கு மட்டுமே பை நிரப்ப வேண்டும். தை மாதத்தில் சிவந்து நிற்கும் தாய் மரத்தைக் காட்டிக் கன்றுக்கு முன்பணம் வாங்குவதே சிறந்த விளம்பரம்.

சுரங்க விரிவாக்கத்துக்காக நிலம் எடுப்பு அறிவிப்பில் வந்துள்ள நிலங்களின் உரிமையாளர்கள் இதைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தாண்டு கழித்துப் பலன் தரும் மரத்தை அந்த நிலத்தில் ஊன்றுவது அவர்களுக்குத் தயக்கமாக இருக்கும். பையில் வளரும் நாற்றுகளோ இடம் விட்டு இடம் எடுத்துச் செல்லக் கூடியவை. வாடகைக் கொல்லையிலும் தொடரலாம்.

இரண்டாவது, உதிர்ந்த இலை. அலங்கார மீன் வளர்ப்போர் காய்ந்த வாதுமை இலையை மீன் தொட்டியில் இடுகிறார்கள். இலையிலுள்ள துவர்ப்புப் பொருள் தண்ணீருக்குத் தேநீர் நிறம் தந்து, அமிலத் தன்மையைச் சிறிது கூட்டுகிறது. சண்டை மீன் போன்ற வகைகளுக்கு இது ஏற்றதாகக் கருதப்படுகிறது. சென்னை கொளத்தூர் அலங்கார மீன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பெயர் பெற்ற இடம். இந்த விற்பனைக்கு, தானே உதிர்ந்த, பூச்சி அரிக்காத, முழு இலையாக இருக்க வேண்டும். பூச்சிமருந்து பட்ட மரத்தின் இலையும், சாலைப் புழுதியும் கரித்தூசியும் படிந்த இலையும் கூடாது. உதிர்ந்த அன்றே பொறுக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி, பலகையின் கீழ் அழுத்தித் தட்டையாக்கி, ஈரம் படாத அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும். வாங்குபவரைப் பிடித்த பின்பே இலை சேர்க்கத் தொடங்க வேண்டும். முதலில் 50 இலை மாதிரி அனுப்பி, விலை பேசி முடித்துக்கொள்வது நலம்.

மூன்றாவது, உரம். விற்காத இலையைக் கொளுத்துவது வீண். துவர்ப்பு மிகுந்த இலை என்பதால் அப்படியே போட்டால் மெதுவாகத்தான் மக்கும். கையால் நொறுக்கி, சாணக் கரைசல் தெளித்து, வேறு தழையுடன் கலந்து குழியில் இட்டு, ஈரம் காத்து, மாதம் ஒரு முறை புரட்டினால் நல்ல மக்குரமாகும். இளம் முந்திரிக் கன்றின் அடியில் மூடாக்காகவும் பரப்பலாம்.

இவை மூன்றும் துணை வருமானங்களே. முந்திரி, பலா, நிலக்கடலை ஆகியவற்றின் இடத்தை இவை பிடிக்க மாட்டா. இம்மரத்தை நம்பிக் கடன் வாங்குவதும், 'ஏக்கருக்கு இத்தனை இலட்சம்' என்று கூறுவோரிடம் ஒப்பந்தம் போடுவதும் கூடாது.

உடன் வைக்கத்தக்க மரம்

வரிசையாக மரம் வைக்க விரும்புவோர் வாதுமையுடன் பூமருதை இடையிடையே நடலாம். அதன் இலையும் உதிரும் முன் செம்பு நிறம் கொள்ளும். கோடையில் ஊதா நிறப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். வாதுமையின் சிவப்பு முடிந்தபின் பூமருதின் பூ தொடங்குவதால் தை முதல் வைகாசி வரை அந்த இடம் நிறத்துடன் விளங்கும். ஆனால் பூமருதுக்கு வாதுமையைவிட ஈரம் சற்று மிகுதியாகத் தேவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மடகாஸ்கர் வாதுமை என்ற சிற்றிலை மரமும் அழகு மரமாக விற்கப்படுகிறது. அடுக்குக் குடை அமைப்பு ஒத்திருந்தாலும் அது வேறு மரம். வாங்கும்போது இலையின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும்.

மாதவாரி வேலைகள்

தை, மாசி: தாய் மரம் குறித்தல், இலை சேகரித்தல்.

மாசி, பங்குனி: தளிருக்கு முன் கவாத்து.

சித்திரை, வைகாசி: இளங்கன்றுக்கு நீர், மூடாக்கு.

ஆனி, ஆடி: குறித்த மரத்தில் விதை கிடைக்கும்போது சேகரித்து உடனே விதைத்தல்.

ஆடி, ஆவணி: பை மாற்றுதல், வளர்ந்த மரத்துக்குத் தொழு உரம்.

புரட்டாசி: குழி எடுத்து ஆறப்போடுதல்.

ஐப்பசி, கார்த்திகை: நடவு, கழி கட்டுதல்.

மார்கழி: களை நீக்குதல், வளர்ந்த மரத்துக்கு நீரை நிறுத்துதல்.

முந்திரி மற்றும் பிற தோட்டப் பயிர்களுடன் இம்மரத்தைச் சேர்த்து வைப்பது பற்றி விருத்தாசலத்திலுள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும், நாற்றங்கால் பற்றி அருகிலுள்ள வனவியல் விரிவாக்க மையத்திலும் நேரில் கேட்டுத் தெளிவு பெறலாம்.

வெளிநாட்டு விதைப் பொட்டலத்துக்குச் செலவிடும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிற தை மாதத்தில் தம் ஊரிலுள்ள வாதுமை மரங்களை ஒரு சுற்றுப் பார்த்து, நன்கு சிவந்த இரண்டு மரங்களில் சுண்ணாம்பால் அடையாளம் இடுவதே இந்தத் தொழிலில் விவசாயிகள் செய்யவேண்டிய முதல் வேலை.